ஒரே தீ எட்டாத தூரம்

பிரான்சின் கிழக்கு எல்லையில், ரைன் நதிக்கரையில் இருக்கிறது ஸ்ட்ராஸ்பூர்க் நகரம். 2021 மார்ச் 10 அன்று, நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆவதற்குள், அங்கிருந்த ஓவிஹெச் கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. எஸ்பிஜி-2 என்று பெயரிட்ட ஐந்து மாடிக் கட்டடம். கரண்ட் போனால் சர்வர்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய யுபிஎஸ் கருவிகளிடம்தான் முதலில் சந்தேகம் போனது. அந்தக் கட்டடத்தில் தானியங்கித் தீயணைப்பு அமைப்பு இல்லை. வெளிக்காற்றை இழுத்து, சூட்டை மேலே அனுப்பிச் சர்வர்களைக் குளிர்விக்கும்படி கட்டியிருந்தார்கள். மின் செலவைக் குறைக்கும் அந்த நல்ல யோசனை, தீப்பிடித்த இரவில் புகைபோக்கியின் வேலையைச் செய்தது. விடிவதற்குள் எஸ்பிஜி-2 முழுதாக எரிந்துபோனது. பக்கத்துக் கட்டடமான எஸ்பிஜி-1-இல் ஒரு பகுதியும் போனது. யாருக்கும் காயமில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

சுமார் 36 லட்சம் இணையத்தளங்கள் அன்று முடங்கியதாக நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. நிறுவனர் ஆக்டாவ் கிளாபா அதிகாலையிலேயே ட்விட்டரில் எழுதினார்: உங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தைச் செயல்படுத்துங்கள். திட்டம் இருந்தவர்கள் செயல்படுத்தினார்கள். பலர் அப்போதுதான் அப்படி ஒன்று வேண்டும் என்பதையே யோசித்தார்கள்.

எனக்கு இந்தச் சம்பவத்தில் மறக்க முடியாதவர்கள் மூன்றாவது வகையினர். அவர்கள் அலட்சியமாக இருந்தவர்கள் இல்லை. சர்வருக்கு வாடகை கட்டியதோடு, 'தானியங்கி பேக்கப்' என்ற வசதிக்கும் தனியாகப் பணம் கட்டியிருந்தார்கள். தீ அணைந்த பிறகு நகலைக் கேட்டார்கள். நகலும் எரிந்துவிட்டது என்று பதில் வந்தது. அப்படிப்பட்ட ஒரு வாடிக்கையாளர் வழக்குத் தொடுத்தார். பேக்கப் சர்வரிலிருந்து தனியே பிரித்து வைக்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னது; இருந்ததோ அதே கட்டடத்தில். 2023 ஜனவரியில் லீல் நகர வணிக நீதிமன்றம் அந்த வாடிக்கையாளருக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. பணம் கிடைக்கலாம். எரிந்த டேட்டா அதனால் திரும்பாது.

அலுவலக சர்வருக்கு வெளியே, கிளவுடில் ஒரு பேக்கப் வைத்துக்கொள்ள நல்ல சேவை எது என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு ஜிபிக்கு எவ்வளவு, எந்த கம்பெனி பெரியது என்றுதான் பேச்சு தொடங்கும். நான் முதலில் கேட்பது வேறு: வெளியே என்று எதைச் சொல்கிறீர்கள்? எத்தனை கிலோமீட்டர் என்று வரைபடத்தில் அளந்துவிட்டால் போதாது. மூலமும் நகலும் ஒரே தீயில் எரிய முடியுமா, ஒரே பாஸ்வேர்டில் அழிய முடியுமா, ஒரே கேபிள் வழியாக ஒரே வைரஸ் இரண்டையும் தொட முடியுமா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்காவது முடியும் என்று பதில் வந்தால் அந்த நகல் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

இடத்தின் தூரத்தை முதலில் முடித்துவிடலாம், அது எளிது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் கிண்டியும் ஈக்காட்டுத்தாங்கலும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றது. தரைத்தளத்தில் சர்வரும், அதே அறை பீரோவில் பேக்கப் ஹார்ட் டிஸ்கும் வைத்திருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பீட்டர் குரோ என்ற புகைப்படக் கலைஞர், படங்களைப் பாதுகாப்பது பற்றித் தன் துறையினருக்காக எழுதிய நூலில் 3-2-1 என்றொரு கணக்கு சொன்னார். மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறு இடத்தில். கணினித் துறை முழுவதும் அதை எடுத்துக்கொண்டது. சென்னையில் அலுவலகம் இருந்தால் நகலைச் சென்னை டேட்டா சென்டரிலேயே வைக்காமல் மும்பை, புனே, ஹைதராபாத் என்று வேறு ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரே புயல் எல்லாவற்றையும் தொடாது.

எளிய விஷயம்தான், ஆனாலும் பெரிய இடங்களில் தவறுகிறது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசின் தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பின் 858 டெராபைட் டேட்டா அதில் அழிந்தது. அதற்கு வெளியே நகலே இல்லை. நகலெடுக்க முடியாத அளவுக்கு அது பெரிது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. உலகின் முன்னணித் தொழில்நுட்ப நாடுகளில் ஒன்றில் நடந்தது இது. பெரிது என்பதற்காக நகலெடுக்காமல் விட்டதும், பெரிதாக இருந்ததாலேயே இழப்பு இவ்வளவு ஆனதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள்.

அடுத்தது சாவியின் தூரம். இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்துத் தரும் வேலை. எல்லாம் அமேசான் கிளவுடில், பேக்கப்பும் அங்கேதான். 2014 ஜூனில் ஒருவன் அவர்களுடைய கிளவுட் நிர்வாகப் பலகைக்குள் நுழைந்து பணம் கேட்டு மிரட்டினான். அவனை வெளியேற்ற பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்கியதும், அவன் உள்ளிருந்தபடியே ஒவ்வொன்றாக அழித்தான்: டிஸ்க்குகள், அவற்றின் நகல்கள், சேமிப்புத் தொட்டிகள். சுமார் 12 மணி நேரத்தில் நிறுவனம் முடிந்தது. திரும்பத் திறக்கப் போவதில்லை என்று அறிவித்து மூடினார்கள். நகல்கள் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருந்தன என்பது அங்கே பொருட்டே இல்லை. எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சாவி.

திருடனே வேண்டாம், ஒரு காலி கட்டம் போதும் என்று காட்டியது 2024 மே மாதம். யூனிசூப்பர் என்பது ஆஸ்திரேலியாவின் ஓய்வூதிய நிதி. 6 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள், சுமார் 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர் சொத்து. அதன் பிரைவேட் கிளவுடை கூகுள் அமைத்துக் கொடுத்தபோது, உள்ளே பயன்படுத்திய ஒரு கருவியில் ஓர் இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். ஓராண்டு கழிந்ததும் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகக் கருதி, அந்த அமைப்பு எல்லாவற்றையும் தானாகவே நீக்கிவிட்டது. உறுப்பினர்களால் ஒரு வாரத்துக்கும் மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் பணம் பற்றிய பதிவுகள் திரும்பி வந்தன. யூனிசூப்பர் முன்னெச்சரிக்கையாக வேறொரு சேவை நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது. அந்த இரண்டாவது நிறுவனத்துக்குக் கட்டி வந்த பணத்தை வீண் செலவென்று யாராவது ஒரு கூட்டத்தில் சொல்லி நிறுத்தியிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே என் முதல் பரிந்துரை இது: சர்வர் எந்த நிறுவனத்தின் கிளவுடில் ஓடுகிறதோ, பேக்கப் அதே நிறுவனத்திடம் இருக்க வேண்டாம். அது முடியாதென்றால் தனிக் கணக்கு, தனி மின்னஞ்சல், தனி பாஸ்வேர்ட், தனியாக இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. சர்வரை நிர்வகிக்கும் கணக்கால் பேக்கப்பை எழுத மட்டும் முடிய வேண்டும், அழிக்க முடியக் கூடாது.

வலையின் தூரம் என்று ஒன்றும் உண்டு. டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் நிறுவனம் சர்வர்களை ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அவற்றில் சில ஏற்கெனவே வைரஸ் தொற்றியவை, யாருக்கும் தெரியாது. மாற்றும் வேலைக்காக எல்லாவற்றையும் உள்வலையில் இணைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 18 அதிகாலையில், அந்த வலை வழியாக மத்திய நிர்வாக அமைப்பு, பேக்கப், இரண்டாம் பேக்கப் எல்லாம் ரேன்சம்வேர் என்ற பணம் பறிக்கும் நிரலால் பூட்டப்பட்டன. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் டேட்டா மொத்தமாகப் போய்விட்டது என்று நிறுவனமே அறிவித்தது.

இதன் மறுபக்கம்போல ஒரு கதை கானாவில் நடந்தது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற அழிவு நிரல், உக்ரைனின் வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகப் பரவி, உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கை வீழ்த்தியது. எந்த ஊழியர் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் அவர்களிடம் சுமார் 150 இருந்தன. ஒவ்வொன்றும் மற்றதைப் பார்த்து நகலெடுத்துக்கொள்ளும். ஒன்று போனால் மற்றவை காப்பாற்றும் என்பது ஏற்பாடு. அத்தனையும் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் நினைக்கவில்லை. தேடித் தேடிப் பார்த்ததில், கானா அலுவலகத்தில் ஒரே ஒரு சர்வர் பிழைத்திருந்தது. தாக்குதலின்போது அங்கே கரண்ட் இல்லை, சர்வர் வலையிலிருந்து துண்டாகியிருந்தது. அதிலிருந்த சில நூறு ஜிபியை, மீட்பு வேலை நடந்த இங்கிலாந்துக்கு அனுப்ப அங்கிருந்த இணைய வேகத்தில் பல நாள் ஆகும். கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. ஆகவே ஒருவர் ஹார்ட் டிஸ்கோடு நைஜீரியாவுக்குப் பறந்து, அங்கே விமான நிலையத்தில் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். மெர்ஸ்க் அதன் பிறகு பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவியது. கானாவில் கரண்ட் போனது தற்செயல். நல்ல பேக்கப் ஏற்பாடு அந்தத் துண்டிப்பைத் திட்டமிட்டே செய்கிறது.

நான்காவது, காலத்தின் தூரம். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்றவற்றில் ஃபோல்டரை இணைத்துவிட்டு, பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அவற்றின் அடிப்படை வேலை ஒத்திசைவு. இங்கே ஒரு ஃபைல் மாறினால் அங்கேயும் மாறும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய வடிவங்களை அவை சில வாரங்கள் வைத்திருப்பது உண்மைதான், ஆனால் சர்வரையே நம்பி ஒப்படைக்க அது போதாது. ரேன்சம்வேர் பல வேளை உள்ளே நுழைந்து நாட்கணக்கில் சும்மா இருக்கும். மூன்று மாதத்துக்கு முன்பு ஒருவர் தவறாக அழித்த கணக்கு, ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரியவரும். ஆகவே நேற்றைய நகல் மட்டும் இருந்தால் பயனில்லை. கடைசி 7 நாட்களுக்குத் தினம் ஒன்று, அதற்கு முன் 4 வாரங்களுக்கு வாரம் ஒன்று, அதற்கும் முன் 12 மாதங்களுக்கு மாதம் ஒன்று என்று அடுக்கி வைக்கும் வழக்கம் நல்ல தொடக்கம்.

அந்தப் பழைய நகல்களை யாரும் தொட முடியாமல் பூட்டும் வசதியும் இப்போது உண்டு. அமேசான் தன் எஸ்-3 சேமிப்பில் 2018-இல் 'ஆப்ஜெக்ட் லாக்' என்ற பெயரில் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் தருகின்றன. 30 நாள் என்று பூட்டினால் 30 நாளைக்கு அந்த நகலை மாற்றவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அதன் கடுமையான வகையில் கணக்கின் உரிமையாளராலேயே முடியாது. கோட் ஸ்பேசஸுக்கு இது கிடைத்திருந்தால் அந்தத் திருடன் எதை அழித்திருப்பான்? சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு வசதி இல்லையென்றால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அதை ஒதுக்கிவிடுவேன்.

இனி விளம்பரங்களில் தவறாமல் வரும் ஓர் எண்ணைப் பார்ப்போம்: 99.999999999 சதவீதம். பதினொரு ஒன்பதுகள். ஒரு கோடி ஃபைல்களை வைத்தால் சராசரியாக 10,000 ஆண்டுகளுக்கு ஒன்று தொலையலாம் என்று அர்த்தம். ஹார்ட் டிஸ்க்குகள் தினமும் பழுதாகும் உலகத்தில் இது எப்படிச் சாத்தியம்? பின்னால் இருப்பது அழகான கணிதம்.

உங்களிடம் 3, 5 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. வரைபடத் தாளில் முதல் இடத்தில் 3 உயரத்திலும், இரண்டாம் இடத்தில் 5 உயரத்திலும் புள்ளி வையுங்கள். இரண்டையும் இணைக்கும் நேர்கோடு ஒன்றே ஒன்றுதான். அந்தக் கோட்டை நீட்டினால் மூன்றாம் இடத்தில் 7, நான்காம் இடத்தில் 9. இப்போது 3, 5, 7, 9 ஆகிய நான்கையும் நான்கு டிஸ்க்குகளில் வைக்கிறோம். எந்த இரண்டு டிஸ்க் செத்தாலும் கவலையில்லை. மிஞ்சிய இரண்டு புள்ளிகளை வைத்து அதே கோட்டை மறுபடி வரையலாம், 3-ஐயும் 5-ஐயும் படித்துவிடலாம். 1960-இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் இந்த எண்ணத்தைக் கோட்டிலிருந்து வளைவுகளுக்கும், சாதாரண எண்களிலிருந்து கணினிக்கேற்ற எண் அமைப்புக்கும் கொண்டுபோனார்கள். டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோட் ஓரம் கிழிந்த பிறகும் ஸ்கேன் ஆவது இந்தக் கணிதத்தால்தான். பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் ஒவ்வொரு ஃபைலையும் 17 துண்டாக்கி, மேலும் 3 துண்டுகளைக் கணக்கிட்டு, 20 தனித்தனி இயந்திரங்களில் பரப்பும் முறையை 2015-இல் அறிவித்தது. எந்த 17 கிடைத்தாலும் ஃபைல் முழுதாக வரும். மூன்று முழு நகல்கள் வைத்தால் மூன்று மடங்கு இடம் வேண்டும், இங்கே 1.18 மடங்கு போதும்.

பெருமைப்படத்தக்க பொறியியல். ஆனால் அந்தப் பதினொரு ஒன்பதுகள் டிஸ்க் பழுதாவதைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. உங்கள் பாஸ்வேர்டோடு உள்ளே வந்து அழிக்கச் சொன்னவனின் கட்டளையையும் அவை பிசகாமல் நிறைவேற்றும். மென்பொருளில் பிழை இருந்தால் இருபது துண்டுகளும் ஒரேபோலக் கெடும். 2011 பிப்ரவரி கடைசியில் அப்படி ஒரு பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்பெட்டி காலியானது. பல டேட்டா சென்டர்களில் நகல் வைத்திருந்தும் கூகுள் கடைசியில் காந்த நாடாக்களை எடுத்துத்தான் அஞ்சல்களை மீட்டது. டிஸ்க்கில் ஓடிய பிழை, அலமாரியில் இருந்த நாடாவை எட்டவில்லை.

சேவை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்படி அனுப்புவது?

பெருக்கல் வகுத்தலை முதலில் போட்டுவிடுங்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட். உங்கள் சர்வரில் 4 டெராபைட் இருக்கிறது. இணையத்தில் மேலேற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட். முதல் முழு நகல் போய்ச் சேர 18 நாளுக்கு மேல் ஆகும், இடையில் ஒரு நொடி நிற்காவிட்டால். அதனால்தான் பெரிய சேவைகள் சில முதல் நகலை மட்டும் டிஸ்க்கில் வாங்கிக்கொள்கின்றன. கானாவிலிருந்து போன ஹார்ட் டிஸ்கின் அதே நியாயம். அதன் பிறகு மாற்றம் மட்டும் போனால் போதும். ஒரு நாளில் நூற்றில் ஒரு பங்கு மாறினால் 40 ஜிபி. அதே வேகத்தில் நாலரை மணி நேரம். இரவோடு இரவாக முடிந்துவிடும்.

எது மாறியது என்று கண்டுபிடிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு நீளத் துணியை மீட்டர் மீட்டராக வெட்டி அடுக்கியிருக்கிறீர்கள். துணியின் தொடக்கத்தில் ஒரு சாண் கூடுதலாக ஒட்டினால், அதன் பிறகு வெட்டும் ஒவ்வொரு துண்டும் பழைய துண்டிலிருந்து மாறிவிடும். மீட்டர் கணக்கை விட்டுவிட்டு, துணியில் சிவப்புப் பூ அச்சான இடங்களில் எல்லாம் வெட்டுவது என்று வைத்துக்கொண்டால்? முதல் துண்டு மட்டுமே மாறும், மற்றவை அப்படியே இருக்கும். ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் மென்பொருட்கள் இப்படித்தான் செய்கின்றன. ஃபைலின் உள்ளடக்கத்தை வருடிக்கொண்டே போய், கணக்குப் போட்டு ஒரு குறிப்பிட்ட விடை வரும் இடங்களில் வெட்டுகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகைபோல ஓர் எண் கணக்கிடப்படும். ஏற்கெனவே அனுப்பிய கைரேகை என்றால் துண்டை மறுபடி அனுப்ப வேண்டாம். ஒரே பிடிஎஃப் பத்து ஃபோல்டரில் இருந்தாலும் கிளவுடில் ஒரு தடவைதான் இடம் பிடிக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே நகலெடுக்கக் கூடாது. ஒரு கணக்கர் பேரேட்டில் பற்று எழுதி முடித்து, வரவு எழுதக் கை தூக்கும் நொடியில் போட்டோ எடுத்தால் என்ன கிடைக்கும்? கணக்கு உதைக்கும் ஒரு பக்கம். டேட்டாபேஸையே நகல் தரச் சொல்லும் முறை ஒவ்வொன்றிலும் இருக்கிறது. விண்டோஸ் சர்வரில் ஒரு கணத்தை உறையவைத்து எடுக்கும் வசதியும் இருக்கிறது. நீங்கள் ஓட்டும் டேட்டாபேஸை அந்த முறையில் எடுக்குமா என்று சேவை நிறுவனத்திடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போதே அதன் ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துவிட்டு, மீட்கும்போது திறக்க முடியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துண்டுகள் உங்கள் சர்வரை விட்டு வெளியேறும் முன்பே பூட்டப்பட வேண்டும், சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். அப்போதுதான் சேவை நிறுவனத்தின் ஊழியராலும் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலைப் படிக்க முடியாது. ஆனால் அந்தச் சாவி தொலைந்தால் உலகில் யாராலும் திறந்து தர முடியாது. அதை சர்வரிலேயே ஒரு ஃபைலில் வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போல. காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, ஒன்று வங்கி லாக்கரிலும் இன்னொன்று பங்குதாரர் வீட்டிலும் வையுங்கள்.

போகும் வழியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். திரும்பி வரும் வழியில்தான் நிறுவனங்கள் தடுக்கி விழுகின்றன. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் நெடுநேர வேலைக்குப் பிறகு, துணை சர்வரில் அழிக்க வேண்டியதைத் தவறுதலாக முதன்மை சர்வரில் அழித்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிஞ்சியது. அவர்களிடம் ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். தினசரி பேக்கப் எடுக்கும் நிரல், டேட்டாபேஸின் பதிப்புக்குப் பொருந்தாததால் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. கிளவுடில் நகல் இருக்க வேண்டிய இடம் காலி. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களையோ, அனுப்புநர் சரிபார்ப்பில் தேறவில்லை என்று அஞ்சல் சர்வர் ஏற்கவில்லை. கடைசியில், வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. சுமார் 18 மணி நேர மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், பிறகு நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையால்தான் இன்று நமக்கு இவ்வளவு தெரிகிறது.

ஆகவே விலைப்பட்டியலைப் படிக்கும்போது சேமிக்கும் விலையோடு நிறுத்தாதீர்கள். அமேசானின் ஆழ்ந்த காப்பகச் சேமிப்பு, அமெரிக்கப் பிராந்தியத்தில் ஜிபிக்கு மாதம் ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்குதான். கேட்டால் மலிவு. ஆனால் எடுக்கக் கேட்டால் கையில் கிடைக்க 12 மணி முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம், 180 நாள் ஆகும் முன்பே அழித்தாலும் 180 நாளுக்கான காசு. வெளியே இறக்க ஜிபிக்கு சுமார் 9 சென்ட்; 4 டெராபைட்டுக்கு 350 டாலரைத் தாண்டும். இறக்கும் கட்டணமே வாங்காத சேவைகளும் உண்டு. அவற்றில் சில, குறைந்தபட்சம் இத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும். அந்த 4 டெராபைட் 100 மெகாபிட் இணைப்பில் இறங்க மூன்றே முக்கால் நாள். அத்தனை நாள் உங்களால் பில் போடாமல் இருக்க முடியுமா? முடியாதென்றால், அன்றாடம் தேவைப்படும் டேட்டாவுக்கு உள்ளூரிலும் ஒரு நகல் வேண்டும், அல்லது கிளவுடிலேயே தற்காலிக சர்வரை எழுப்பித் தரும் சேவை வேண்டும். எவ்வளவு நேரத்து வேலையை இழந்தால் தாங்குவோம், எவ்வளவு நேரம் கடை மூடிக் கிடந்தால் தாங்குவோம் என்ற இரண்டு எண்களையும் முதலாளிதான் சொல்ல வேண்டும். கணினி பார்க்கும் பையனிடம் விட்டுவிடக் கூடாது.

இந்தியாவில் கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு ஒரு சட்டக் கடமையும் இருக்கிறது. கணக்குப் புத்தகங்களை மின்னணு முறையில் வைத்திருந்தால், அவற்றின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். அவ்வப்போது எடுத்தால் போதும் என்றிருந்ததை 2022 ஆகஸ்டில் தினசரி என்று மாற்றினார்கள். மலிவு என்று சேமிப்பை வெளிநாட்டுப் பிராந்தியத்தில் திறக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களையும் படியுங்கள். டேட்டா தொலைந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் தருவது சில மாதச் சந்தாவின் அளவுக்கான கழிவு மட்டுமே. பேக்கப் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் தீ பற்றிய வழக்கை வென்று தந்தது ஒப்பந்தத்தில் இருந்த அப்படி ஒரு வரிதான்.

இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போன மாதத்தில் ஏதோ ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்றைய டேட்டாபேஸை உங்கள் பேக்கப் சேவையிலிருந்து, சர்வரைத் தொடாமல், வேறொரு கணினியில் மீட்டுத் தரச் சொல்லுங்கள். அதைத் திறந்து அன்றைய கடைசி பில்லின் எண்ணைப் பாருங்கள். எத்தனை நேரம் ஆனது, யாரிடம் எந்தச் சாவி கேட்க வேண்டியிருந்தது என்று எழுதி வையுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கட்டுங்கள்.